எசேக்கியேலின் மனைவி

எசேக்கியேல் 24-ஆம் அதிகாரத்தை வேதபாடத்தில் எடுக்கிற ஊழியர்களில் பலர், அடுப்பில் கொதிக்கும் கொப்பரை உவமையோடு வகுப்பை முடித்துவிடுவார்கள். நேரமாகிவிட்டது, மீதி அடுத்த வாரம் என்பார்கள். அடுத்த வாரம் 25-ஆம் அதிகாரம் தொடங்கியிருக்கும். எனக்கு அது பிடிக்காது. 15-ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை, எசேக்கியேல் தீர்க்கதரிசியின் மனைவி சாகிற அந்தப் பகுதியை வாசித்து, கர்த்தர் தம்மை அறியப்பண்ண நியாயத்தீர்ப்பைக் கையில் எடுப்பது ஏன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். புருஷனை இழந்து வருஷம் திரும்பாத ஓர் அக்கா கேட்டார்: “ஐயா, அந்தம்மா என்ன பாவம் செஞ்சாங்க?”

“பாவம்னு எதுவும் சொல்லலைங்கம்மா. அவங்க மரணம், எருசலேம் ஆலயம் விழப்போகுதுன்னு ஜனங்களுக்கு ஒரு அடையாளம்.”

“அடையாளத்துக்கா?”

அதற்குமேல் அவர் பேசவில்லை. வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

வசனத்தின்படி என் பதில் சரி. இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். “நான் கர்த்தர் என்று அறிந்துகொள்வார்கள்” என்கிற வாக்கியம், சின்ன மாற்றங்களோடு, எசேக்கியேலில் அறுபது தடவைக்குமேல் வருகிறது. பெரும்பாலும் ஒரு தண்டனையின் வாலில்தான் வரும். ஏன் என்று விளங்க அந்த ஜனங்கள் எதை நம்பியிருந்தார்கள் என்று பார்க்கவேண்டும். கி.மு. 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு சிறைப்பட்டு, பாபிலோன் தேசத்துக் கேபார் நதியோரத்தில் தெலாபீபில் குடியிருந்தவர்கள் அவர்கள். எருசலேமில் ஆலயம் இருக்கிறது, ஆகவே நகரம் விழாது என்பது அன்றைய பொது நம்பிக்கை. எரேமியா 7-இல் “கர்த்தரின் ஆலயம்” என்று மூன்று தடவை அடுக்கிச் சொல்கிறார்களே, அதேதான். இப்படியிருக்க நகரம் திடீரென்று விழுந்திருந்தால் என்ன முடிவுக்கு வருவார்கள்? பாபிலோனின் தெய்வமான மெரோதாக் ஜெயித்தான், நம்முடைய தேவன் தோற்றார் என்பார்கள். அந்தக் காலத்துக் கணக்கு அப்படி. அழிவு தன்னாலே யாரையும் அறியப்பண்ணாது. பண்ணினால் மெரோதாக்கைத்தான் அறியப்பண்ணியிருக்கும்.

அதனால்தான் வார்த்தை முந்துகிறது. 24-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைத் தாண்டிப் போய்விடக்கூடாது. சிறையிருப்பின் ஒன்பதாம் வருஷம், பத்தாம் மாதம், பத்தாந்தேதி: இந்த நாளை எழுதிவை, பாபிலோன் ராஜா இன்றைக்கே எருசலேமில் பாளயமிறங்கினான் என்கிறார் கர்த்தர். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு எஸ்றா நான்கு மாதம் நடந்தார் (எஸ்றா 7:9). முற்றுகை தொடங்கிய அன்றைக்கே தெலாபீபில் ஒருவருக்கும் அது தெரிய வழியில்லை. எழுதிவைத்த தேதி கையில் இருக்கிறது. பன்னிரண்டாம் வருஷம், பத்தாம் மாதம், ஐந்தாந்தேதி, எருசலேமிலிருந்து தப்பிவந்த ஒருவன், நகரம் வீழ்ந்தது என்று சொல்கிறான் (33:21). ஏறக்குறைய மூன்று வருஷம். வார்த்தையும் சம்பவமும் பொருந்துகிற இடத்தில்தான் “அறிந்துகொள்வார்கள்” என்பது நடக்கிறது.

யாத்திராகமத்திலும் இதே கிரமம். “கர்த்தர் யார்?” என்று பார்வோன் கேட்டதற்குப் பதிலாகவே எகிப்தின்மேல் பத்து வாதைகள் வருகின்றன. பத்தில் 3, 6, 9 தவிர மற்றவை அவனுக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டவை. கல்மழைக்கு முன் ஆடுமாடுகளை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள அவகாசமும் உண்டு. பார்வோனின் ஊழியக்காரரிலேயே பயந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள் (9:20). தப்பிக்க ஒரு வாசல் திறந்தே இருந்தது.

பிரசங்கிகள் சறுக்குவது இங்கேதான். முன்வார்த்தை ஏதுமில்லாத ஒரு விபத்தை எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து நியாயத்தீர்ப்பு என்று வாசிக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மேடையேறிக் காரணம் சொன்னவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப்பற்றி இயேசு பேசினபோது, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்றார் (லூக்கா 13:1-5). மனந்திரும்பச் சொன்னது உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களை. துஷ்டி வீட்டுக்குப் போகிற எந்த ஊழியரும் அந்த ஐந்து வசனங்களை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

இவ்வளவும் எருசலேமுக்குப் பொருந்துகிறது, பார்வோனுக்கும் பொருந்துகிறது. அந்த அக்கா கேட்டது எருசலேமைப்பற்றி அல்ல.

அந்த மனைவி நியாயந்தீர்க்கப்படவே இல்லை. “உன் கண்களுக்கு விருப்பமானவள்” என்கிறார் கர்த்தர். அவ்வளவு தெரிந்துதான் எடுத்துக்கொள்கிறார். காலையில் எசேக்கியேல் ஜனங்களோடு பேசுகிறார், சாயங்காலம் அவள் செத்துப்போகிறாள், மறுநாள் காலையில் சொன்னபடியே செய்கிறார். தலைப்பாகை கட்டியிருக்கவேண்டும், செருப்பு போட்டிருக்கவேண்டும், தாடியை மூடக்கூடாது, துக்க வீட்டுக்கு மற்றவர்கள் கொண்டுவரும் அப்பத்தைத் தின்னக்கூடாது. பேர் இல்லை, ஊர் இல்லை, அடக்கம் பண்ணினார்களா என்றுகூட இல்லை. தெலாபீபில் அண்டை அயலார் வந்து கேட்டதும், நீர் செய்வது எங்களுக்கு எதற்கு அடையாளம் என்பதுதான் (24:19). அவளைப்பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது என் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு விதவை. அதை நினைத்தால் என் விளக்கம், எவ்வளவு சரியாக இருந்தாலும், அந்த அயலாரின் பக்கத்திலேயே நின்றுவிட்டதோ என்று தோன்றுகிறது.

“அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை” என்று புலம்பல் 3:33-ஐச் சொல்லியிருக்கலாம். அதுவும் எருசலேம் எரிந்தபின் எழுதப்பட்டதுதான். அல்லது 37-ஆம் அதிகாரத்துக்குத் தாண்டியிருக்கலாம். அங்கே பிரேதக்குழிகள் திறக்கும்போதும் அதே வாக்கியம்தான் வருகிறது, தண்டனைக்கு மட்டும் உரியதல்ல. யோவான் 8:28 இன்னும் நெருக்கமானது: மனுஷகுமாரனை உயர்த்தினபின்பு நானே அவரென்று அறிவீர்கள் என்கிறார் இயேசு. எசேக்கியேலின் வாக்கியம் அங்கே சிலுவையின்மேல் போய் நிற்கிறது, அடிபடுகிறவர் அவரே. கிறிஸ்தவ விசுவாசத்தில் இதற்குமேல் ஒரு பதில் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் இன்னொரு பிரசங்கமாகத்தான் போயிருக்கும். சொல்லாமல் விட்டது நல்லதுதான் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள், ஒரு விதவையை வெறும் “அடையாளம்” என்கிற சொல்லோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று இருக்கிறது.

மூத்த ஊழியர் ஒருவர், துக்கத்தில் இருப்பவர்கள் நடுவில் அந்தப் பகுதியை எடுக்காதே என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் தனியாக வாசிக்கும்போது அந்தப் பக்கம் வராமலா போகும்? வாசிப்பேன், 24-இல் நிறுத்தாமல் 33:11-வரைக்கும், துன்மார்க்கன் சாவதைத் தாம் விரும்பவில்லை என்று அவர் ஆணையிடும் இடம்வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுபோவேன். அவள் செத்த 18-ஆம் வசனத்துக்கு விளக்கம் சொல்லாமல் வாசித்துவிட்டுப் போவதாக இருக்கிறேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. நாம் சும்மா இருந்தால் கேட்கிறவர்கள் தாங்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள், அது பெரும்பாலும் “ஏதோ பாவம் செஞ்சிருப்பா” என்பதாகத்தான் இருக்கும்.