சேர்வராயன் கோயிலில் ஒரு வானம்பாடி

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரி, படகு, மே மாத மலர்க் கண்காட்சி. ஓமலூர் பக்கம் மேட்டாங்காட்டில் நிலக்கடலை விதைத்துப் பிழைத்த என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, இதெல்லாம் ஒன்றும் கிடையாது. ஊருக்குக் கிழக்கே நீளமாகப் படுத்துக் கிடக்கும் அந்த மலை முழுவதும் அவருக்குச் சேர்வராயன் சாமிதான். காலையில் வாசலுக்கு வந்ததும் முதல் கும்பிடு அங்கே. பொழுதும் அந்த மலைக்குப் பின்னாலிருந்துதான் கிளம்பும் என்பதால், அவர் கும்பிட்டது சூரியனையா சேர்வராயனையா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால், “சேர்வராயரு உருமா கட்டிட்டாரு, காயப்போட்டதை அள்ளுங்க” என்று சத்தம் போடுவார். உருமா என்றால் தலைப்பாகை.

அம்மாயி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. அம்மாவுக்குக் காவேரியம்மனுக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு நேர்த்தி ரொம்ப நாளாகப் பாக்கி இருந்தது. போன பங்குனியில் ஒரு வார நாள் பார்த்து இருவரும் கிளம்பினோம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம் என்பது என் அனுபவம். கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், மேலே போய்ச் சேர்ந்தால் குகை வாசலிலும் அதே வரிசை.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததுமே அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் கொண்டுபோய்விட்டார். மொத்தம் 20 வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “எத்தினி ஆச்சு கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூங்கிலும் காய்ந்த காடுமாக இருந்த சரிவு மெல்ல மாறி, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் தெரியத் தொடங்கியபோது ஒரு வாசனை வந்தது. காப்பிப் பூ. மார்ச்சில் ஒரு மழை நன்றாக விழுந்துவிட்டால் பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகைக்கு நெருங்கிய மணம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. அம்மா கண்ணைத் திறந்தது அந்த வாசனைக்குத்தான்.

ஏற்காட்டில் நிற்கவில்லை. ஏரியிலிருந்து கோயிலுக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர். வழியில் ராஜராஜேஸ்வரி கோயிலில் இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறினோம். கடைசி ஏற்றம் முடிகிற இடத்தில் மரங்கள் சட்டென்று நின்றுபோகின்றன. எதிரே வெறும் புல்வெளி, தலைக்கு மேல் ஆகாயம். 5,300 அடிக்கு மேல் ஒரு மைதானத்தை யாரோ சமன்செய்து வைத்த மாதிரி. இந்த உச்சிப் பரப்பில் மேல்மண் சன்னம். அதற்குக் கீழே கெட்டியான செம்பாறை, பாக்சைட் கலந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் பல வருடங்கள் பாக்சைட் வெட்டி எடுத்துப் போனார்கள். பெரிய மரம் வேர்விட இடமில்லாத அந்தப் பாறைமேல் புல்லுக்கு மட்டும் குறையில்லை.

கோபுரம், பிரகாரம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்தக் கோயில் ஏமாற்றமாக இருக்கலாம். வாசலைக் கடந்தால் ஒரு குகை, அவ்வளவுதான். நிமிர்ந்த தலையோடு உள்ளே போக முடியாது. முழங்கால் வலிக்காரரான அம்மா ஒரு கையால் பாறையையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, “முருகா, சேர்வராயா” என்று இருவரையும் துணைக்கு அழைத்தபடி குனிந்து நடந்தார். காலடியில் ஈரம், ஜில்லென்று இருக்கிறது. மேல்பாறை கையெட்டும் உயரத்தில், கற்பூரப் புகை படிந்து கறுப்பாக. உள்ளே போகப் போக வெளிச்சம் விளக்கு மட்டும்தான். அங்கே சேர்வராயனும் காவேரியம்மனும் ஒன்றாக இருக்கிறார்கள். குகை அதோடு முடியவில்லை, உள்ளே உள்ளே போய்க் காவேரி ஆறு வரைக்கும் சேர்கிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. மலையின் தெய்வமும் ஆற்றின் தெய்வமும் ஒரே இருட்டில் அடுத்தடுத்து இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

பூசை செய்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து இந்தப் பக்கத்து மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறியதாக அவர்கள் வம்சக் கதை சொல்கிறது. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக் கிராமங்கள் அத்தனையும் இங்கே கூடிவிடும்.

பூசாரி வளையலை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். “யாரு பேருக்குங்கம்மா?”

“எங்கம்மா வச்ச நேர்த்திங்க. அவங்க இல்லீங்க இப்ப.”

“அதனால என்னங்கம்மா, அம்மாளுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, தீபாராதனைத் தட்டை நீட்டினார். அவருக்கு அது அன்றாடம் சொல்கிற வார்த்தையாக இருக்கும். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குகைக்குள் ரொம்ப நேரம் நிற்க முடியாது, பின்னால் ஒரு குடும்பம் குனிந்தபடியே காத்திருந்தது.

வெளியே வந்து கண் கூசாமல் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா புல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். மேலேயிருந்து விடாமல் கொட்டுகிற மாதிரி, மூச்சே வாங்காமல் ஒரு பாட்டு. அண்ணாந்து தேடினேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கையைக் குடையாக வைத்துத் தேடிய பிறகு ஒரு புள்ளி. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. வானம்பாடி.

எத்தனை வருடம் கழித்து என்று கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் காதுக்குள் உடனே கடலைக்காடு வந்துவிட்டது, அதன் வெயிலோடும் புழுதியோடும்.

பார்த்தால் ஒன்றுமில்லாத குருவி அது. ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, காய்ந்த மண்ணின் நிறம், முதுகில் கறுப்புக் கறுப்பாகக் கீற்று. மேட்டாங்காட்டில் நடக்கும்போது காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பினால்தான் அங்கே ஒன்று இருந்ததே தெரியும். மரமில்லாத வெட்டவெளிதான் அதற்கு வீடு. உட்கார்ந்து பாடக் கிளை இல்லாததால் ஆகாயத்துக்கே ஏறிவிடுகிறது. பாடுவது ஆண். இந்த இடம் என்னுடையது என்று மற்ற ஆண்களுக்குச் சொல்வதும், பெட்டையின் காதில் விழ வைப்பதும்தான் அதன் வேலை. இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாயி சொன்னது வேறு.

“அது சேர்வராயர்கிட்ட மழை கேக்கப் போவுது சாமி. கேட்டுட்டு வந்து செடிகிட்டச் சொல்லும்.”

“நேத்தும் போச்சே அம்மாயி, மழை வரலையே?”

“கேட்டவொடனே குடுத்துருவாரா? அவரு காவேரியம்மாகிட்டக் கலந்து பேச வேணாமா?”

எனக்கு அப்போது இந்தக் குகையும் தெரியாது, உள்ளே இருவர் இருப்பதும் தெரியாது. வீட்டில் அப்புச்சி, அம்மாயியின் வீட்டுக்காரர், எதைக் கேட்டாலும் “உங்கம்மாயிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார். அதனால் சாமி வீட்டிலும் அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் விதைத்தால் ஆவணியில் களையெடுப்பு. பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் காட்டில்தான். களைக்கொத்து கையில் கொடுக்க மாட்டார்கள், செடியை வெட்டிவிடுவேன் என்று. தண்ணீர்க் குடத்துக்குக் காவல். ஒருநாள் களையெடுத்து வந்த வரிசையில் ஒரு குருவி எழும்பிப் போனது. அது எழும்பிய இடத்தில், கோரைப்புல் கொத்துக்கு அடியில், காய்ந்த புல்லால் ஆன சின்னக் குழி. உள்ளே மூன்று முட்டை, சாம்பல் வெள்ளையில் பழுப்புப் புள்ளி. மண்ணோடு மண்ணாக இருந்தது. விரல் நீட்டியிருந்தால் கூடத் தொட்டபின்தான் தெரிந்திருக்கும். அம்மாயி வந்து பார்த்துவிட்டு நாலு பக்கமும் குச்சி நடச் சொன்னார். அந்த ஒரு பாய் அளவு இடத்தில் மட்டும் களை அப்படியே நின்றது. அறுவடைவரைக்கும் அந்த இடம் தனியாகத் தெரிந்தது. நான் தினமும் தூரத்திலிருந்து பார்ப்பேன். கிட்டப் போகக் கூடாது என்று உத்தரவு. போனால் தாய் வராது, பாம்புக்கு வழி காட்டிவிட்டதாக ஆகிவிடும் என்பார். ஒருநாள் குழி காலி. பாம்பு எடுத்ததா, குஞ்சு நடந்துபோனதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. மேலே ஒன்று பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் காட்டில் பிற்பாடு கடலை போய்க் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்தது. சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் இருக்கும்போது யார்தான் கடலையோடு மல்லுக்கட்டுவார்கள்? குச்சிக்கிழங்கு ஆள் உயரம் வளர்ந்து தரையை மூடிவிடும், வானம்பாடிக்கு அது ஆகாது. அதன்பிறகு பிளாட் போட்டுக் கல் நட்டாகிவிட்டது. கல் நட்ட முதல் இரண்டொரு வருடம் புல் முளைத்துக் கிடந்தபோது குருவிகள் திரும்பி வந்தன என்று மாமா சொல்வார். வீடுகள் எழும்பியதும் அதுவும் நின்றுபோனது.

மலை உச்சியிலும் அதற்குக் கவலை இல்லாமல் இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வண்டி புல்வெளிக்குள்ளேயே இறங்கி வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்துப் பாட்டு அலறியது. நாலு பிள்ளைகள் ரீல்ஸ் எடுக்க ஓடினார்கள். பையன்கள்தானே, எடுத்துக்கொள்ளட்டும். வண்டிச் சக்கரம்தான் எனக்கு உறுத்தியது. தரையில் கூடு கட்டுகிற பறவை அங்கே முட்டையிட்டு உட்கார்ந்திருக்கிற மாதம் அது. செருப்பைக் குகை வாசலில் விடுகிறோம், வண்டியைப் புல்லுக்கு வெளியே விடக் கூடாதா? சேர்வராயன் குகைக்குள் மட்டும்தான் இருக்கிறார் என்று யார் சொன்னது? எழுந்து போய்ச் சொன்னேன். “சாரிங்ணா” என்று ஒருவன் உடனே வண்டியைப் பின்னால் எடுத்தான். நல்ல பிள்ளைகள்தான், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டு நின்றது. இறக்கையை ஒடுக்கிக்கொண்டு நேராகப் புல்லுக்குள் இறங்கியது. எங்கே இறங்கியது என்று பார்த்து வைத்திருந்தும் ஆளைக் காணோம்.

அம்மா வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஓமலூர் திசை. புகைமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. “அங்கேருந்து இத பாத்துக் கும்புடுவாங்க. இங்கேருந்து பாத்தா நம்ம காடு தெரியவே மாட்டேங்குது” என்றார். சேர்வராயருக்குத் தெரியும் என்றேன். நான் பூசாரியிடமிருந்து எடுத்துக்கொண்ட பதில் அது, அம்மாவும் சிரித்துவிட்டார்.

பேச்சோடு பேச்சாகக் கூட்டுக் கதையைச் சொன்னேன். அம்மாயி குச்சி நடச் சொன்னதை. அம்மாவின் முகம் மாறியது.

“எங்கம்மாவா? களைக்கு வந்த ஆளுக்குக் கூலி தண்டம்னு அன்னிக்கெல்லாம் கத்துனாங்க. குச்சி நட்டது எங்கப்பா.”

“இல்லம்மா, நான் பக்கத்துலயே நின்னேன்.”

“நீ குடத்துப் பக்கத்துல நின்ன. நான் களையெடுத்துட்டிருந்தேன்.”

விடுவாரா? அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டார். சிக்னல் வந்து வந்து போனது. மாமா முழுக்கதையும் கேட்டுவிட்டு, “எனக்குக் கூடெல்லாம் ஞாபகமில்லீங்கக்கா. அந்த வருசம் கடலை நல்லா வெளஞ்சுது, அது தெரியும். மழை தப்பாம வந்துச்சு” என்றார். அப்புறம், மேலே குளிருதா, குகைக்குள் இறங்கினீங்களா, முழங்கால் என்ன சொல்லுது என்று விசாரித்தார். மே மாதத் திருவிழாவுக்கு எல்லோரும் சேர்ந்து வருவதாக அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. வண்டி மாமா சொல்கிறார், வளையல் அத்தை வாங்குகிறார். பொழுது கிளம்புவதற்கு முன்னால் மலை ஏறிவிட்டால் கூட்டத்துக்கு முந்தி உள்ளே போய்விடலாம் என்று அம்மா கணக்குப் போட்டார். இறங்குகிற வழியில் அடிவாரத்தில் நிறுத்தி ஆளுக்கொரு தட்டுவடை செட் சாப்பிட்டோம். அப்போதும் அம்மா, “குச்சி நட்டது எங்கப்பாதான்” என்றார்.