தீர்க்கதரிசியும் 1,399 டொலரும்

சென்ற மாசி மாதம் நமது கணித ஆசிரியர் காலமானார் என்ற செய்தி வந்த மறுநாளே, மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். அவருடைய வகுப்பைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஐந்தாம் பாடத்துக்கு மணி அடித்ததும் புதிய வெண்கட்டியை இரண்டாக முறித்து ஒரு பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாரே, அந்த ஓசையைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல எதுவுமில்லை. 2019ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவரோடு தொலைபேசியில் பேசிய நாற்பது நிமிடங்களைப் பற்றியும், அந்தப் பேச்சுக்குக் காரணமாயிருந்த ஓர் அமெரிக்கச் சூதாட்டக்காரரைப் பற்றியுமே எழுதப்போகிறேன்.

அதற்கு முன் என் பட்டப்பெயரைச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள ஒன்றுகூடல்களில் இன்றும் என்னைத் 'தீர்க்கதரிசி' என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்ததென்று அறியாத இளையவர்கள் நான் ஏதோ சோதிடம் பார்ப்பவன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1977ஆம் ஆண்டு பாடசாலைகளுக்கிடையிலான பொது அறிவுப் போட்டியின் இறுதிச் சுற்று நமது மண்டபத்திலேயே நடந்தது. கடைசிக் கேள்விக்கு முன் இரு அணிகளும் சமபுள்ளியில் நின்றன. நடுவர், "இலங்கையின் மிக நீளமான ஆறு..." என்று தொடங்கியதுமே நான் மணியை அழுத்தி, "மகாவலி கங்கை" என்றேன். நடுவர் தாளைக் கீழே வைக்காமல், மிகுந்த பொறுமையோடு மீதியையும் வாசித்தார்: "...மகாவலி, அதற்கு அடுத்த நீளமான ஆறு எது?" வடக்கே மன்னார்க் கடலில் விழும் அருவி ஆற்றை அறியாத பிள்ளை அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். எதிரணிக்குப் புள்ளி போயிற்று, கேடயமும் போயிற்று.

மறுநாள் காலைக் கூட்டத்தில், நம்மைப் பயிற்றுவித்த அந்த ஆசிரியர் என்னை மேடைக்கு அழைத்து, "கேள்வி முடியுமுன்னரே பதிலை அறியும் தீர்க்கதரிசி ஒருவர் நம்மிடையே இருக்கிறார்" என்று அறிமுகப்படுத்தினார். அறுநூறு பேர் சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார், அதுதான் மிகவும் வலித்தது. பயிற்சிக் காலம் முழுவதும் "கேள்வி முடியட்டும், தம்பி" என்று அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார் என்பதையும் இங்கே நேர்மையோடு பதிவு செய்துவிடுகிறேன்.

இத்தகைய வரலாறு உடையவன் கனடாவுக்கு வந்து 'ஜெப்பர்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் பொது அறிவுப் போட்டி நிகழ்ச்சிக்கு அடிமையானது வேடிக்கைதான். அந்த நிகழ்ச்சியில் பலகையில் தெரிவது பதில். போட்டியாளர் அதற்குரிய கேள்வியைச் சொல்ல வேண்டும். கேள்வியைக் கேட்காமலே பதில் சொன்னவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? 1984 முதல் அதை நடத்தியவர் இதே ஒன்ராறியோ மாகாணத்தின் சட்பரியில் பிறந்த அலெக்ஸ் திரெபெக். பல ஆண்டுகள் அவருடைய உச்சரிப்பைக் கேட்டே என் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டேன். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மணியைப் பற்றிய ஒரு விதி. திரெபெக் குறிப்பை முழுவதுமாக வாசித்து முடித்த பின்னரே, திரைக்கு வெளியே இருக்கும் ஒருவர் பொத்தான்களைத் திறந்துவிடுவார். பலகையின் இருபக்கமும் விளக்குகள் எரியும். அதற்கு முன் அழுத்துபவரின் பொத்தான் கால் விநாடிக்குப் பூட்டப்பட்டுவிடும். அவசரக்காரனுக்கு அங்கே கால் விநாடித் தண்டனை. நமது கல்லூரியில் ஆயுட்காலத் தண்டனை.

2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 4ஆம் திகதி ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் அந்த மேடைக்கு வந்தார். லாஸ் வேகாசில் விளையாட்டுப் பந்தயங்களில் பணம் கட்டிப் பிழைப்பவர். 32 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று 2,462,216 டொலர் சேர்த்தார். 2004இல் கென் ஜெனிங்ஸ் 74 ஆட்டங்களில் சேர்த்த 2,520,700 டொலரோடு ஒப்பிட்டால்தான் இதன் வேகம் புரியும். ஜெனிங்சுக்கு ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 34,000. இவருக்கு 77,000க்குச் சற்றுக் குறைவு. இவருக்கு முன் ஒரே ஆட்டத்தில் எவரும் வென்றிருந்த மிகப் பெரிய தொகையே, 2010இல் ரொஜர் கிரெய்க் என்பவர் ஈட்டிய 77,000 டொலர்தான். மற்றவர்களின் வரலாற்றுச் சாதனை இவருக்கு ஒரு சாதாரண மாலைப்பொழுதாக இருந்தது. சித்திரை 17ஆம் திகதி ஒரே ஆட்டத்தில் 131,127 டொலர் எடுத்தார்.

இவரை அசாதாரண அறிவாளி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது, அறிவும் இருந்ததுதான். சிறுவர் நூலகப் பிரிவிலுள்ள படம் போட்ட புத்தகங்களைப் படித்தே பல துறைகளைக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். நமது நூலகத்தில் அந்த அலுமாரியைப் பூட்டி வைத்திருந்தவர்கள் இதைக் கவனிக்கவும். ஆனால் எதிரே நின்றவர்களும் அறிவாளிகளே. வேறுபாடு அவர் பலகையைப் பார்த்த விதத்தில் இருந்தது. ஆறு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கட்டங்கள். முதற் சுற்றில் மேலே 200 டொலரில் தொடங்கி அடியில் 1,000 வரை, இரண்டாம் சுற்றில் இவை இரட்டிப்பாகும். பெரும்பாலோர் ஒரு தலைப்பை எடுத்து மேலிருந்து கீழே படியிறங்குவார்கள். ஹோல்ஸ்ஹவர் அடியிலிருந்த 1,000 டொலர்க் கட்டங்களை முதலில் வரிசையாகப் பறித்தார்.

அதன் காரணம் 'டெய்லி டபுள்' என்னும் ஒளித்து வைத்த கட்டத்தில் இருக்கிறது. அது முதற் சுற்றில் ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு. அதைத் திறப்பவர் மட்டுமே பதில் சொல்லலாம். மணிக்காக எவரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கையிலுள்ள முழுத்தொகையையும் அதில் பணயமாக வைக்கலாம். கையில் 800 டொலர் இருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பவருக்கும் 6,000 இருக்கும்போது கண்டுபிடிப்பவருக்கும் கிடைப்பது ஒரே புதையல் அல்ல. ஆகவே முதலில் பெரிய கட்டங்களால் மடியை நிரப்பிக்கொண்டு, பிறகே புதையலைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் பலகையின் கீழ்ப்பாதியில் ஒளிந்திருப்பதால் இரண்டு வேலையும் ஒரே திசையில் நடந்துவிடும். பலகையில் தாவித்தாவி ஆடும் வழக்கம் 1985இல் சக் ஃபொரெஸ்ட் காலத்திலேயே இருந்தது. 2014இல் ஆர்தர் சூ அவ்வாறு ஆடியபோது பார்வையாளர்கள் எரிச்சலடைந்தார்கள். ஹோல்ஸ்ஹவர் அந்தத் தாவலோடு முழுப் பணயத்தையும் சேர்த்தார். பந்தயத் தொழிலில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து முறை சரியாகக் கணித்தாலே பிழைப்பு நடக்கும். பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரியாகப் பதில் சொல்லக்கூடிய ஒருவருக்கு, வைத்த பணம் இரட்டிக்கும் வாய்ப்பைக் கொடுத்தால் அவர் எதற்காகத் தயங்க வேண்டும்? பார்ப்பவர்களுக்கு அது துணிச்சலாகத் தெரிந்தது. அவருக்கு அது வெறும் கூட்டல் கழித்தல்.

நமது ஆசிரியர் கற்பித்தது இதற்கு நேரெதிர். "தெரிந்த கணக்கை முதலில் செய், மலையைக் கடைசியில் ஏறு" என்று பரீட்சைக்கு முந்திய நாள் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயர்தரம் தேறினேன், கணக்காளனானேன், வீட்டுக் கடனைக் குறித்த தவணைக்கு முன்பே அடைத்தேன். ஒன்றையும் முழுதாகப் பணயம் வைத்தறியேன். நாட்டைவிட்டு வந்ததைக்கூடத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் புறப்பட்ட காலத்தில் நானும் புறப்பட்டேன், அவ்வளவுதான்.

ஆனி 3ஆம் திகதி ஒளிபரப்பான ஆட்டத்தில் ஹோல்ஸ்ஹவர் தோற்றார்; ஜெனிங்சின் தொகையை எட்ட 58,484 டொலர் குறைவு. அன்று முதற் குறிப்பிலேயே 'டெய்லி டபுள்' அகப்பட்டது. கையில் ஒன்றும் இல்லாத நேரத்தில் புதையல் வந்தால் விதிப்படி 1,000 டொலருக்கு மேல் வைக்க முடியாது. தன் உத்தியின் ஒரேயொரு ஓட்டைக்குள் அவரே விழுந்தார். இரண்டாம் சுற்றின் இரண்டு புதையல்களையும் எம்மா பெட்சர் கண்டெடுத்தார். சிக்காகோப் பல்கலைக்கழக நூலகர். இந்த நிகழ்ச்சியின் குறிப்புகள் எவ்வளவு கடினமானவை என்பதைக் கணினியைக் கொண்டு முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பதே அவருடைய முதுகலை ஆய்வு. மூவரும் தத்தம் கையிலுள்ளதில் ஒரு தொகையைப் பணயம் வைத்துப் பதில் எழுதும் இறுதிக் கேள்விக்கு முன் பெட்சரிடம் 26,600, ஹோல்ஸ்ஹவரிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000. முழுப் பணயத்துக்குப் பெயர்போன மனிதர் அன்று வைத்தது வெறும் 1,399 டொலர். மூவரும் சரியாகவே எழுதினார்கள். பெட்சர் 46,801, ஹோல்ஸ்ஹவர் 24,799. அவர் வேண்டுமென்றே தோற்றார் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வார இறுதியில் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் தைப்பொங்கலுக்கு, நலம் விசாரிப்பது வழக்கம். இம்முறை காரணமில்லாமல் எடுத்ததால் முதலில் பயந்துவிட்டார். அவர் அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் பார்த்ததில்லை. பலகை, கட்டங்கள், ஒளித்து வைத்த புதையல் எல்லாவற்றையும் விளக்கி, கடைசியில் 1,399 பற்றிச் சொல்லி, "ஆள் களைச்சுப் போயிட்டார் போலை, சேர்" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"மூண்டாவது ஆளிட்டை எவ்வளவு இருந்ததெண்டு சொன்னீர்?"

"பதினோராயிரம், சேர்."

"இரட்டிச்சால்?"

"இருபத்திரண்டாயிரம்."

"அதுக்கு மேலை ஒரு டொலர் வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கழிச்சுப் பாரும்."

இருபத்துமூவாயிரத்து நானூறிலிருந்து இருபத்திரண்டாயிரத்து ஒன்றைக் கழித்தேன். 1,399 வந்தது. பிறகு அவரே, கரும்பலகை முன் நிற்பதைப் போல, மீதியையும் சொல்லி முடித்தார். முன்னிலையில் நிற்கும் பெண் கெட்டிக்காரி என்றால், இவர் முழுவதையும் வைத்து வென்றாலும் தன்னை மிஞ்ச முடியாதபடி 20,201 வைப்பாள். அவள் சரியாகச் சொன்னால் இவர் எவ்வளவு வைத்தும் பயனில்லை. அவள் தவறினால் அவளிடம் மிஞ்சுவது 6,399. அப்போது இவர் தானும் தவறினாலும் 22,001 டொலரோடு நிற்பார், மூன்றாமவர் இரட்டித்தாலும் 22,000தான். ஆகவே அவள் தவறும் ஒவ்வொரு வழியிலும் இவர் வெல்கிறார். "அந்தாள் களைக்கேல்லை, தம்பி. தோல்விக்கும் கணக்குப் பார்த்திருக்கு." லாஸ் வேகாசில் இருந்த ஒருவர் மேடையில் செய்த கணக்கை, மின்விசிறி கிறீச்சிடும் ஓர் அறையில் இருந்தபடி, காதால் கேட்டே அவர் செய்து முடித்தார். அந்த மூளைக்கு நாங்கள் கொடுத்ததெல்லாம் ஒரு பாதி வெண்கட்டியும் வருடத்துக்கொரு கேடயப் போட்டியும்தான்.

பேச்சு முடியும் தறுவாயில், "தம்பி, நீர் எப்ப..." என்று தொடங்கினார். எந்த ஆசிரியரும், எந்தத் தாயும், புலம்பெயர்ந்தவனிடம் கேட்கும் கேள்வி அது. நான் முந்திக்கொண்டு, "வாற வருசம் கட்டாயம் வாறன், சேர்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பு எனக்கு அந்தக் காலைக் கூட்டத்தை நினைவூட்டியது. "கேள்வி முடியட்டும், தம்பி. நீர் எப்ப அந்தப் போட்டிக்குப் போகப்போறீரெண்டு கேக்க வந்தன்."

அடுத்த வருடம் நான் போகவில்லை. விமானங்கள் நின்ற காரணம் எல்லோருக்கும் உண்டு, அதற்குப் பிந்திய வருடங்களுக்கு அந்தக் காரணமும் எனக்கு இல்லை. 2020 தை மாதத்தில் ஜெனிங்ஸ், அடிக்கட்டங்களையும் முழுப் பணயத்தையும் தானும் கைக்கொண்டு ஹோல்ஸ்ஹவரை வென்றபோது ஆசிரியருக்குச் சொல்ல நினைத்தேன். பொங்கலுக்குப் பேசியபோது மறந்துவிட்டேன். பின்னர் ஓர் இரவு, வீட்டில் எவருக்கும் சொல்லாமல், நிகழ்ச்சியின் இணையத் தேர்வை எழுதினேன். ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடி. எத்தனை சரியென்று அவர்கள் அறிவிப்பதில்லை, என்னை அழைக்கவுமில்லை. ஐம்பதையும் கடைசிச் சொல் வரை வாசித்த பிறகே விசைப்பலகையில் கை வைத்தேன். நேரில் போகும்போது அதைச் சொல்லலாமென்று வைத்திருந்தேன்.