குவியலின் உச்சியில் கிடந்த பிழை

சேலம் கருப்பூரை ஒட்டிய ஒரு வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் மாதிரி எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, எங்களைப் படுத்தியெடுத்தது கல்லோடு மாசாகக் கலந்துவரும் சிலிக்காதான். வெடி வைக்கப் போடும் துளையிலிருந்து வெளிவரும் மண்ணைச் சோதித்துச் 'சிலிக்கா குறைவு' என்று குறித்த இடத்திலிருந்து போன கல், சூளை வாசலில் மறுபடி சோதிக்கும்போது அதிகமாகக் காட்டும். ஆய்வகத்தார் எங்களையும் நாங்கள் அவர்களையும் குறை சொல்லியே சில மாதங்கள் ஓடின. தூய மேக்னசைட்டில் 47.8 சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு, மீதி கரியமில வாயு. ஆனால் இங்கே அது சிலிக்கா கலந்த டூனைட் என்ற பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுவதால், ஒரு முழம் தள்ளி அள்ளினாலே கணக்கு மாறிவிடும்.

வெளிநாட்டுத் திறந்தவெளித் தங்கச் சுரங்கமொன்றில் வேலை பார்த்துத் திரும்பிய புவியியலாளர் ஒருவர் வந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. டன்னுக்குச் சில கிராம் தங்கத்தைத் தேடிப் பழகியவருக்கு, ஒரு துணுக்கு பைக்குள் விழுவதும் விழாமல் போவதும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது தெரியும். துளையோரக் குவியலருகே குந்தி, "தம்பி, உச்சியில கிடக்கறது எந்த ஆழத்து மண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சுரங்கத்தைப் படிப்படியாக வெட்டி இறங்குகையில் ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்சு; எங்கள் பெஞ்சின் உயரம் 6 மீட்டர், துளையோ 6.6 மீட்டர். கடைசி 60 சென்டிமீட்டர் கீழ்ப் பெஞ்சுக்கு உரியது. கடைசியாக வெளியே வருவதால் உச்சியில் அமர்வதும் அதுதான். நாங்கள் மண்வெட்டியால் அள்ளியதும் அங்கேதான்! கீழ்ப் பெஞ்சின் கல்லை மேல் பெஞ்சின் சீட்டில் எழுதி வந்திருக்கிறோம்.

அதன்பின், துளையிடும் முன்பே தேங்காய்க்கீற்றுபோல் ஒருபுறம் குறுகிய தகரத் தட்டை, குறுகிய முனை துளையைப் பார்க்கும்படி வைத்து, 6 மீட்டர் எட்டியதும் இழுத்துவிடச் செய்தோம். மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் துளையிடும் அண்ணனுக்கு அந்த நிறுத்தம் கசந்தது. அவர் கோபம் நியாயமானது என்பதே என் எண்ணம். நிறுத்தும் நேரத்தையும் கூலியில் சேர்த்த பிறகே தட்டு ஒழுங்காக வெளியே வந்தது. கைப்பிடியாக அள்ளிக் குறைப்பதை விட்டு, கொட்டும் தூளைச் சிறு பள்ளங்கள் வழியே இருபுறமும் சமமாகப் பிரிக்கும் பள்ளப் பிரிப்பான் வழியாகப் பாதி பாதியாகக் குறைத்தோம். இருபதுக்கு ஒரு பையை, வேறு எண்ணிட்டு இரட்டையாக அனுப்பினோம். முன்பெல்லாம் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நின்ற அந்த இரட்டை விடைகள் மெல்ல நெருங்கி வந்தன.

மழைக்காலம் மட்டும் இன்னும் வசப்படவில்லை. சேர்வராயன் மலைப் பக்கம் இருட்டினால் துளைகளில் நீர் ஊறி, தூள் சேறாகித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பைகளுக்குச் சிவப்புக் கயிறு கட்டி, கணக்கில் சேர்க்காமல் தனியே வைக்கிறோம்.