யார் பார்த்தது?

எங்கள் பட்டாலியனில் கிளார்க்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'பாபு' என்பார்கள். 24 வருடம் நான் பாபுவாக இருந்தேன். லீவ் சர்ட்டிபிகேட், ரேஷன் கணக்கு, பார்ட் டூ ஆர்டர் என்று தினமும் எவ்வளவோ டைப் அடித்தேன். அதெல்லாம் மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பவை வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்த சைட்டேஷன்கள்தான். மொத்தம் 11 என் கையால் போயின. போகாத ஒன்றும் உண்டு. ஓய்வு பெற்றுத் தாராபுரம் பக்கம் சொந்த ஊருக்கு வந்து, பழைய சிப்பாய்களுக்கு பென்ஷன் மனு எழுதிக் கொடுக்கும் இந்த வயதிலும் ராத்திரியில் தூக்கம் கலைந்தால் அந்தப் போகாத ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு ஜவான் மலையில் செய்த காரியம் டெல்லிக்குக் காகிதமாகத்தான் போய்ச் சேரும். கம்பெனி கமாண்டர் சொல்வார், அலுவலக வேலையைப் பார்க்கும் அதிகாரியான அட்ஜுடண்ட் எழுதுவார், பாபு டைப் அடிப்பான், பட்டாலியனின் தலைவரான சி.ஓ. கையெழுத்துப் போடுவார். அப்புறம் பிரிகேடு, டிவிஷன், கோர், கமாண்ட், டெல்லித் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகத்தின் குழு என்று படிப்படியாக ஏறும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தபின் ஜனவரி 26இலோ ஆகஸ்ட் 15இலோ பட்டியல் வரும். நடுவில் எந்தப் படியிலும் கீழே இறங்கலாம். கீர்த்தி சக்கரத்துக்கு என்று அனுப்பியது சௌர்ய சக்கரமாகவோ சேனா மெடலாகவோ வரும், வராமலும் போகும். மேலே இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அந்த இருட்டில் நின்றவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருப்பது ஒரு பக்கமும், அதோடு சேர்த்த நேரடிச் சாட்சிகளின் வாக்குமூலமும்தான்.

அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. எங்கள் பைலில் பழைய சைட்டேஷன்களின் நகல் இருக்கும். புதிதாக எழுதும்போது அதை எடுத்து வைத்துக்கொள்வோம். தன் உயிரைத் துச்சமாக மதித்து என்ற பொருளில் ஓர் இங்கிலீஷ் வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் வரும். ஒரு கம்பெனி கமாண்டருக்கு இங்கிலீஷ் சரளம். அவர் எழுதியதைப் படித்தால் குண்டுச் சத்தமே காதில் விழும். இன்னொருவர் நல்ல சண்டைக்காரர், நாலு வரிக்கு மேல் எழுத வராது. முதலாமவரின் ஜவான்களுக்கு மெடல் வந்தது. இரண்டாமவரின் ஜவான்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. இரண்டு கம்பெனியும் ஒரே மலையில் ஒரே பனியில் கிடந்தவை. முடிந்தவரை இரண்டாமவர் எழுதியதைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் ஒருவனுடைய வீரம் ஒரு பாபுவின் இங்கிலீஷை நம்பி இருக்கலாமா? அப்போதே அது எனக்கு உறுத்தியது.

சரி, அந்தப் போகாத ஒன்றுக்கு வருகிறேன். வடக்கே ஒரு காட்டு மலை. எட்டுப் பேர் கொண்ட எங்கள் பார்ட்டி ஒன்று ராத்திரியில் ஒரு நாலாவைத் தாண்டும்போது மாட்டிக்கொண்டது. மலையோடையை நாங்கள் நாலா என்போம். பார்ட்டியை நடத்திய அதிகாரி முன்னால் பாய்ந்து இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தினார். அவருக்குக் காலில் குண்டு. நாலாவின் இந்தப் பக்கம் கடைசியில் வந்தவன் வயர்லெஸ் செட் ஆபரேட்டர், சிப்பாய்க்கு ஒரு படி மேலான லான்ஸ் நாயக், காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்ப் பையன். வீட்டுக்கு இன்லாண்ட் லெட்டர் எழுதினால் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு என்னிடம் கொண்டு வருவான். "நீங்களும் ரெண்டு வரி எழுதுங்ணா, அம்மா சந்தோசப்படும்" என்பான். விடிந்து பார்த்தபோது இறந்து கிடந்தான். பக்கத்தில் வேறொருவனுடைய எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியும் காலி மேகசீன்களும் கிடந்தன.

மறு வாரம் சி.ஓ. அறையில் பேச்சு நடந்தது. அதிகாரிக்கு எழுதுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. அவர் செய்ததை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். பையனைப் பற்றிப் பேச்சு வந்ததும் சி.ஓ. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யார் பார்த்தது?" அவன் பக்கத்தில் இருந்த ஒரே சிப்பாய் வயிற்றில் குண்டு வாங்கி, பேஸ் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அவன் தேறி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடிவானது. பட்டியலுக்குக் கடைசித் தேதி நெருங்கியது. அதிகாரியின் பேப்பர் போனது. பையனின் பேப்பர் நான் டைப் அடித்த அரைப் பக்கத்தோடு நின்றது. கொஞ்ச நாளில் பட்டாலியனே இடம் மாறியது. ஆஸ்பத்திரியில் இருந்தவன் பிழைத்து, உடல் தகுதி இல்லையென்று வீட்டுக்குப் போய்விட்டான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கடிதம் போட எனக்கு யாருடைய உத்தரவும் தேவைப்பட்டிருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

சில வருடம் முன்பு பென்ஷனுக்கான உயிர்ச்சான்று வேலையாக அந்தப் பையனின் அம்மா என்னிடம் வந்தார். வேலை முடிந்தும் எழுந்து போகவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "அந்த ஆபீசருக்கு மெடல் குடுத்தாங்களாமா. என்ற பையனும் அங்கதானுங்களே இருந்தான்? அவன் ஏதாச்சும் தப்புக் கிப்புப் பண்ணிப்போட்டானுங்களா சாமி?"

பணத்தை அவர் கேட்கவில்லை. சௌர்ய சக்கரத்துக்கு 2017இலிருந்து மாதாமாதம் 6,000 ரூபாய் என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. மெடல் வராததை இத்தனை வருடமாக அவர் தன் மகன்மேல் விழுந்த பழியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதிகாரிக்கு வந்தது சேனா மெடல். இவருக்கு வந்தது இந்தச் சந்தேகம்.

சாட்சி வேண்டும் என்ற விதி தப்பில்லை. 2003இல் அசாமில் உயிரோடு இருந்த ஆட்களைப் படுக்க வைத்து, தக்காளி சாஸ் தடவிப் படமெடுத்து, சுட்டுக் கொன்ற தீவிரவாதிகள் என்று கணக்குக் காட்டிய விவகாரம் வெளியே வந்து, ஒரு கர்னல்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். மெடல் ஆசை அங்கே வரைக்கும் கொண்டுபோகும். ஆகவே கேட்கத்தான் வேண்டும். சாட்சி தானாக வந்தால் கேட்கிறோம், சாட்சியைத் தேடிப் போவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. முன்னால் போகிறவர் மேல் எல்லார் கண்ணும் இருக்கும். எல்லாரையும் போகவிட்டுக் கடைசியில் நிற்கிறவனைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது. இருக்கக்கூடாது என்றுதானே அவன் நிற்கிறான்?

1962 நவம்பர் 18இல் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் 13வது குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி சீனப் படையோடு நின்று சண்டையிட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்து வந்த சிலர் சொன்னதை முதலில் நம்பவில்லை. மறு வருடம் பனியில் உறைந்த உடல்கள், பிடித்த ஆயுதம் பிடித்தபடி கிடைத்தபிறகுதான் நம்பினார்கள். சொன்னவன் சாதாரண ஜவான் என்றால் அவன் சொல்லுக்கு எடை குறைகிறது. கார்கிலில் டைகர் ஹில்லில் ஏறிய யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்கரம் அறிவித்தபோது, அவர் இறந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். இறந்தவர் அதே பெயருள்ள இன்னொருவர். இவர் உடம்பெல்லாம் குண்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். நாட்டின் மிகப் பெரிய பதக்கத்தின் காகிதத்திலேயே இப்படி நடக்கும்போது, ஒரு லான்ஸ் நாயக்கின் அரைப் பக்கத்துக்கு என்ன பாதுகாப்பு?

அதே டைகர் ஹில்லில் எதிர்ப்பக்கம் நின்ற பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது அவர் பெயர், பதவி இல்லை) எப்படிச் சண்டையிட்டார் என்பதைப் பார்த்தவர்கள் நம் ஆட்கள். நம் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, அவர் வீரத்தைக் குறிப்பிட்டு ஒரு சீட்டு எழுதி, உடலின் சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் ஷேர் கானுக்குத் தன் மிக உயர்ந்த ராணுவ வீர விருதான நிஷான்-ஏ-ஹைதரைக் கொடுத்தது. இந்தச் செய்தியை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரிக்கே சாட்சி எழுத முடிந்த ராணுவத்தில்தான் நானும் இருந்தேன். என் பையனுக்கு எழுதவில்லை.

2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு மோதியதில் நம் ஆட்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்கரமும், ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட நாலு பேருக்கு வீர் சக்கரமும் கிடைத்தன. அத்தனையும் தகுதியானவை, அதில் ஒரு சொல் குறைக்க மாட்டேன். ஆனால் ராத்திரியில், ஆற்றங்கரையில், கைகலப்பாக நடந்த சண்டை அது. மீதிப் பதினைந்து பேரின் கடைசி நேரம் யார் கண்ணில் பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸுக்கு 1856இல் எழுதிய விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஒரு படைப்பிரிவே சமமாக வீரம் காட்டியிருந்தால், யாருக்குப் பதக்கம் என்று அவர்களே ஓட்டுப் போடலாம். அதிகாரிகள் தங்களில் ஒருவரை, சிப்பாய்கள் தங்களில் இருவரை என்று தேர்ந்தெடுக்கலாம். முதல் உலகப்போர் வரை அப்படிக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலோ, இரண்டாம் உலகப்போரில் லட்சக்கணக்கான கறுப்பின வீரர்கள் பங்கெடுத்தும் ஒருவருக்குக்கூட அங்கத்திய மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கொடுக்கவில்லை. பிறகு பழைய காகிதங்களைத் திரும்பப் பிரித்து, 1997இல் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அப்போது ஒருவர்தான் உயிரோடு இருந்தார். அரை நூற்றாண்டு கழித்தும் பைலைத் திறக்க முடியும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். நம்மிடமும் சைட்டேஷனில் சி.ஓ. கையெழுத்துப் போடும் முன், அந்தப் பார்ட்டியில் இருந்த ஒவ்வொருவனிடமும், லங்கரில் சமைப்பவன் போயிருந்தால் அவனிடமும், கட்டிலில் கிடப்பவன் தேறியபின் அவனிடமும், அவனவன் தாய்மொழியிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. ஒரு பாபுவும் ஒரு நோட்டும் போதும்.

அந்த அம்மா கேட்டுப் போனபிறகு நான் பவானிக்குப் போனேன். வயிற்றில் குண்டு வாங்கிய சிப்பாய் அங்கேதான் இருந்தான். வீட்டில் அவன் அப்பா காலத்துக் குழித்தறி இருக்கிறது, அவனால் அதில் உட்கார்ந்து மிதிக்க முடியாது. ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நிற்கிறான். திண்ணையில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தான். அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஜமக்காளத்தின் சிவப்புப் பட்டையில் விரலை வைத்தான். "இதுதானுங்ணா நாலா. இந்தப் பச்சை, ஏத்தம். நான் இங்க விழுந்தேன்." எல்.எம்.ஜி.காரன் முதல் குண்டிலேயே போய்விட்டான். ஆபரேட்டர் இவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஒரு பாறைக்குப் பின்னால் போட்டான். "இங்கயே கெட, சத்தம் போடாத, நான் வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நாலாவுக்குள் இறங்கி எல்.எம்.ஜி.யை எடுத்தான். அப்புறம் சிப்பாயின் விரல் சிவப்புப் பட்டையிலேயே நகர்ந்தது. "இங்க இருந்து கொஞ்சம் அடிச்சான். அப்புறம் இங்க. அப்புறம் இங்க. அவனுக நாலஞ்சு பேர் இருக்கறோம்னு நெனைக்கோணும்னு எடம் மாத்தி மாத்தி அடிச்சானுங்ணா. நெருப்பு மட்டும் தெரிஞ்சுது." ஜமக்காளத்தின் ஓரக் குஞ்சம் வந்ததும் விரல் நின்றது.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்கெல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேனுங்ணா. யாரும் கேக்கலீங்க."

அங்கேயே உட்கார்ந்து அவன் சொன்னதைத் தமிழில் மூன்று பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கினேன். மொழிபெயர்த்துப் பட்டாலியனுக்கு ஒரு நகல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது: இவ்வளவு காலம் கழித்து வழியில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

தமிழ்ப் பிரதியை அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். ஊர் எல்லையில், கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக ஒரு புலிகுத்திக்கல் நிற்கிறது. புலியின் வயிற்றில் வேலைப் பாய்ச்சும் ஒருவன், பெயர் எதுவும் இல்லை. ஊர் பார்த்தது, கல் வைத்தது. அதைத் தாண்டித்தான் அவர் வீடு. அவருக்குப் படிக்கத் தெரியாது, வாசலில் உட்கார்ந்து நான் படித்தேன். நாலா, பாறை, எல்.எம்.ஜி. எல்லாம் வந்தது. அவர் அசையவில்லை. "நான் வந்தர்றேன்" என்ற இடத்தில் மட்டும் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அப்படியேதானுங்க சொல்லுவான். கடைக்குப் போனாலும் அப்படித்தான் சொல்லுவான்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த எடத்தை இன்னொருக்கா படிங்க சாமி" என்றார்.

படித்தேன்.