பேனல் வீடு கட்டின கதை: கோத்தகிரில சதுர அடி விலை 1,350 ரூபா எப்படி 2,750 ஆச்சு

அம்மா தேயிலை எஸ்டேட்ல ரிட்டயர் ஆனதும், தொழிலாளிங்களுக்குக் கொடுக்கற லயன் வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க, மூணு மாசம் டைம். 30 வருஷம் கொழுந்து பறிச்ச ஆளுக்கு மூணு மாசம்! நல்லவேளை, அப்பா இருந்தப்பவே கோத்தகிரி பக்கத்துல 4 சென்ட் வாங்கிப் போட்டிருந்தாரு, பட்டாவும் இருந்துச்சு. மேஸ்திரிகிட்ட கேட்டா 480 சதுர அடி வீட்டுக்கு சதுர அடி 2,900 ரூபா, எட்டு மாசம் ஆகும், மழை பிடிச்சா இன்னும் இழுக்கும்னாரு. எட்டு மாசம் வாடகை வேற யாரு கொடுக்கறது?

அப்பதான் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில ரெடிமேட் பேனல் வீடு சதுர அடி 1,350 ரூபான்னு சொன்னாங்க. இரும்பு ஃபிரேம் நிக்க வச்சு, ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் வச்ச பஃப் பேனல மாட்டுறது, அவ்ளோதான். பாதி விலைல வீடுன்னு நானும் குதிச்சுட்டேன்.

அந்த 1,350 கம்பெனி வாசலோட முடிஞ்சுடும்ங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, அங்கயே 7.65 லட்சம். 20 அடி பேனல் ஏத்தின லாரி எங்க ஊர் ரோட்டுல திரும்பாது, அதனால 10 அடியா வெட்டச் சொன்னேன், லாரில கொண்டுவந்து மெயின் ரோட்டுல இறக்கி பிக்கப்ல மாத்தி, கடைசி 200 அடி தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதைல தூக்குகூலி, இதுக்கே 95 ஆயிரம். அப்புறம் அஸ்திவாரம். ஜேசிபி விட இங்க கலெக்டர் பர்மிஷன் வேணும், அதுக்கு அலையறத விட கையால தோண்டிக்கலாம்னு ஆள் விட்டோம், சரிவுங்கறதால கீழ்ப்பக்கம் கருங்கல் தடுப்புச் சுவரும் எழுப்பி 2.85 லட்சம். செப்டிக் டேங்க், பைப், வயரிங், ஈபி கனெக்‌ஷன் 1.75 லட்சம். மொத்தம் 13.20 லட்சம், அதாவது சதுர அடி 2,750. மேஸ்திரி கணக்கு 13.92. மிச்சம் 72 ஆயிரம்தாங்க!

கழட்டி மாட்டுற வீடுதானே, பிளான் அப்ரூவல் வேண்டாம்னு கம்பெனி ஆள் சொன்னத நம்பாதீங்க. பூமில அஸ்திவாரம் போட்டாச்சுன்னா அது கட்டடம்தான்னு அப்ரூவல் கொடுக்கற ஆபீஸ்ல தெளிவா சொல்லிட்டாங்க. நமக்கு ஒரே தளம், அதனால நீலகிரில இருக்கற 7 மீட்டர் உயர ரூல் பிரச்சனை வரல. பேங்க்தான் படுத்திடுச்சு. பேனலுக்கு எத்தன வருஷம் ஆயுசு, ரீசேல் வேல்யூ என்னன்னு ரெண்டு இடத்துல கேட்டே திருப்பி அனுப்பினாங்க, கடைசில நகைக்கடன், அம்மாவோட பிஎஃப், கிராஜுவிட்டினு தேத்தினோம். ஹோம் லோன நம்பி யாராவது இறங்கறதா இருந்தா, பேனலுக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பேங்க்ல கேட்டுடுங்க.

ஆனா 11 வாரத்துல குடி போயிட்டோம், மூணு மாசக் கெடுவுக்குள்ள. 10 அடி பேனல ரெண்டு பேர் அலட்டிக்காம தூக்கிட்டுப் போனாங்க, இதே செங்கல், மணல், சிமெண்ட்னா அந்தப் பாதைல எத்தன நட நடந்திருக்கணும்? சரிவுல வெயிட் கம்மியா உக்காந்திருக்கறதும் எனக்கு ஒரு நிம்மதி, 2009 நவம்பர் மண்சரிவ பாத்தவங்களுக்கு இது புரியும்.

முதல் ஐப்பசி மழைலதான் வினையே. ராத்திரி கட்டில் மேல சொட்டு சொட்டா தண்ணி. ஒழுகுதுன்னு கம்பெனிக்கு போன் போட்டு கத்தினேன், கூரைல ஏறிப் பாத்தா ஓட்டையே இல்ல. 10 அடியா வெட்டினதால ஜாயின்ட் டபுள் ஆச்சு இல்ல, அந்த இடைவெளில குளிர்ந்து கிடக்கற இரும்புல சமையல் ஆவியும் மூச்சுக்காத்தும் பட்டு தண்ணியா இறங்குது. ஜாயின்ட்டுக்கெல்லாம் ஃபோம் அடிச்சு டேப் ஒட்டி, அடுப்படில எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினதும் நின்னுச்சு, 14 ஆயிரம் தண்டம்.

அம்மாவுக்கு சுவத்த தட்டினா டொங்குன்னு கேக்கறதுல இன்னும் மனத்தாங்கல். "வீடா இது, பிஸ்கட் டப்பா"னு சொல்லிட்டே இருப்பாங்க, ஆனா குளிருக்கு லயன விட ஆயிரம் மடங்கு மேல்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னத நானே கேட்டேன். சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாதுன்னு கம்பெனி ஆள் சொல்லிட்டுப் போனதால காலண்டர் இன்னமும் கதவுத் தாழ்ப்பாள்லதான் தொங்குது.