ஓதம் ஏறிய கோவில் சுவரும் எங்கள் பங்கின் சீரமைப்பு வேலையும்

குன்னூர்ப் பக்கம் கிழக்குச் சரிவில் அமைந்த எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் பின்சுவரில் நெடுங்காலமாகவே ஓதம் இருந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் பெயின்ட் அடிப்பதும், ஐப்பசி மழையில் அது கொப்புளித்து உதிர்வதும் ஆண்டுதோறும் நடந்தன. பங்கின் நிதிக்குழுவில் நான் இருந்தபோது, அந்தச் சுவரை முறையாகச் சீர்செய்யும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்தார். மலைப்பங்குகளில் இத்தகைய வேலையில் இறங்குவோருக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே பதிகிறேன்.

பழைய கட்டடங்களில் வேலை பார்த்துப் பழகிய ஒரு மேஸ்திரியை அழைத்துச் சுவரைக் காட்டினோம். அவர் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே நடந்தார். பீடத்துக்குப் பின்புறம் வந்ததும் ஓசை பொள்ளென்று மாறியது. அந்த இடத்தில் உளியை வைத்து நெம்பியதும் சிமென்ட் பூச்சு அப்பளம்போல முழுதாகக் கழன்று வந்தது. உள்ளே கல்லிடுக்கில் இருந்த சுண்ணாம்புக் கலவை விரலால் தொட்டாலே உதிரும் அளவுக்கு நனைந்திருந்தது, அதன்மேல் வெள்ளை உப்பும் பூத்திருந்தது. சுண்ணாம்பில் கட்டிய கற்சுவர் தான் உறிஞ்சும் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். பிற்காலத்தில் அதன்மேல் சிமென்ட் பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறியிருக்கிறது.

ஆனால் பூச்சை மாற்றினால் மட்டும் போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கோவிலை ஒட்டி நின்ற கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களின் இலையும் உரிந்து விழும் பட்டையும் கூரைத் தண்ணீர் இறங்கும் தகர வாரியை அடைத்திருந்தன. மேட்டிலிருந்து கரைந்து வந்த மண், பின்பக்கத் தரையைக் கோவிலின் உள்தளத்தைவிட உயர்த்திவிட்டது. தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்காக விட்டிருந்த துளைகளும் வேரும் மண்ணும் ஏறி மூடிக் கிடந்தன. 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்த இந்த மாவட்டத்தில், அடைபட்ட அந்தத் துளைகளே என்னை அதிகம் கவலைப்படுத்தின.

அனுமதிகளைப் பொறுத்தவரை, மரத்துக்கான விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்பாகக் கொடுத்துவிடுவது நல்லது. பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குரிய குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கூரையை நோக்கிச் சாய்ந்தவற்றுக்கு மட்டும் புகைப்படங்களோடு விண்ணப்பித்தோம். பார்வையிட வந்தவர்களுக்கு ஆபத்து எது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருஅவைச் சட்டத்தின் 537ஆம் எண் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. வழக்கமான நிர்வாகத்தைத் தாண்டிய செயல்களுக்கு ஆயரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை என்கிறது 1281ஆம் எண். ஆகவே மதிப்பீட்டை நிதிக்குழுவிலும் பங்குப் பேரவையிலும் வைத்து ஒப்புதல் பெற்று, ஆயர் இல்லத்துக்கு அனுப்பினோம்.

பேரவையில்தான் உண்மையான வாதம் நடந்தது. சுவர் முழுவதும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் துடைக்கவும் எளிது, பார்க்கவும் பளிச்சென்று இருக்கும் என்று பலர் விரும்பினர். ஈரச் சுவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை என்பது என் கருத்து. பெயர்த்தெடுத்த பூச்சுத் துண்டை மேசைமேல் வைத்து எல்லோரும் தொட்டுப் பார்த்த பிறகே அந்தப் பேச்சு அடங்கியது. இன்னொரு சிக்கல் பணம். பீடத்துக்கும் சுரூபத்துக்கும் உபயம் தர ஆள் உண்டு. பெயர்ப்பலகை வைக்க இடமில்லாத வாய்க்காலுக்கு யாரும் முன்வருவதில்லை. அந்தச் செலவைப் பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களுக்குப் பகிர்ந்துகொடுத்துத்தான் சமாளித்தோம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பின்பக்க மண்ணை ஆட்களைக் கொண்டே வெட்டி உள்தளத்துக்குக் கீழாக இறக்கி, சரிவான வாய்க்கால் கட்டி, தடுப்புச் சுவரின் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தோம். முதல் துளையிலிருந்து வந்த சேற்றுநீர் மாலைவரை நிற்கவில்லை. அதன்பின் சிமென்ட் பூச்சைக் கல் தெரியும்வரை கொத்திவிட்டு, சுவரைத் திறந்தபடியே காயவிட்டோம். தவக்காலத்தில் கல் தெரியும் சுவருக்கு முன்னால் திருப்பலி நடப்பது சிலருக்கு உறுத்தலாக இருந்தது. ஆயினும் உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு பூசினால் இறுகுமுன்பே உதிர்ந்துவிடும் என்பதால் பங்குனிவரை பொறுத்தோம். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் புளிக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் இறுகிய பின்னரே அடுத்ததைத் தொடங்கினார்கள். மேலே பெயின்ட் வேண்டாமென்று சுண்ணாம்பே அடித்தோம்.

வெளிவளாகத்தில் குகை வடிவில் அமைந்த வழிபாட்டிடமான கெபியைச் சுற்றிப் புதர்களை அகற்றியதோடு நிறுத்திக்கொண்டோம். எண்ணெய் விளக்குக்குக் கரடி வருகிறது என்பதால் அங்கே மெழுகுவர்த்தி மட்டுமே ஏற்றுவது என்று முடிவாயிற்று.

அடுத்த மழையில் பின்சுவரின் அடிப்பகுதியில் சற்று நிறம் மங்கியதே தவிரப் பூச்சு உதிரவில்லை. முகப்புச் சுவரின் சிமென்ட் பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குத் தனி மதிப்பீடு தயாரித்து வருகிறோம். வாரியையும் துளைகளையும் வைகாசியிலும் புரட்டாசியிலும் சுத்தம் செய்யும் முறையை அன்பியங்களுக்குப் பிரித்து, பங்கு அலுவலகப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.