அம்மாவுக்கு ஒரு நாற்காலி

நேற்று அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 78 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறும்போது முதல் படி அவர் முழங்கால் உயரம் இருந்தது. பின்னால் நின்ற ஒரு பெண்தான் இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டார். அந்த மகளுக்கு நன்றி.

மருத்துவமனையில் எல்லோருக்கும் ஒரே வரிசை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. கேட்டால் அங்கிருந்தவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். இப்போது இன்னும் கூடியிருக்கும். பிள்ளைகளோ சென்னையிலும் வளைகுடாவிலும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் 60 முதல் 79 வயதுவரை உள்ள ஏழை முதியோரின் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய்தான். அதை யார் உயர்த்தப் போகிறார்கள்?

தாழ்வான படி வைத்த பஸ், வரிசைக்குப் பக்கத்தில் பத்து நாற்காலி, தெருவில் உட்கார ஒரு திண்ணை. திட்டம் போடுகிறவர்கள் இதிலிருந்து தொடங்கட்டும். அடுத்த வாரம் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். கடலூர்க்காரர்கள் யாரேனும் உடன் வருகிறீர்களா?